வீட்டோடு முகவரியும் போனால்: காலநிலைப் பேரிடரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் தண்ணீரில் நிறுத்தியபோது, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 6,000 ரூபாய் நிவாரணம் தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பணம் வந்து சேர்ந்த வழியைக் கவனிக்க வேண்டும். அதற்கென்று புதிய அலுவலகம் எதுவும் திறக்கவில்லை. டோக்கன் கொடுத்தார்கள், அதை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனால் ரொக்கம் கிடைத்தது. மாதாமாதம் அரிசி வாங்கிய அதே கார்டு, வெள்ளக் காலத்தில் பணம் வாங்கவும் உதவியது.

சரி, கார்டு வேறு மாவட்டத்தில் இருந்தவர்கள் என்ன செய்வது? வாடகை வீட்டில் பல வருடம் இருந்தும் ஊர்க் கார்டை மாற்றாதவர்கள்? ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து கட்டட வேலை பார்த்தவர்கள்? கார்டு இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். விண்ணப்பங்கள் லட்சக்கணக்கில் வந்தன. வெள்ளத்தில் நனைந்தும் பட்டியலில் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த விண்ணப்பங்கள்தான் காட்டின.

காலநிலைப் பேரிடரால் இடம்பெயர்ந்தவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு என்ற பெரிய பேச்சின் அடிப்படைச் சிக்கல் இதற்குள்ளேயே இருக்கிறது. அரசின் உதவிகள் பெரும்பாலும் முகவரியைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. பேரிடர் முதலில் பறிப்பதோ அந்த முகவரியைத்தான்.

சமூகப் பாதுகாப்பு என்பது நமக்கு அன்றாடம் பழகிய விஷயம். முதியோர் ஓய்வூதியம், விதவை உதவித்தொகை, ரேஷன் அரிசி, சத்துணவு, மகளிர் உரிமைத்தொகை எல்லாம் இதில் சேரும். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பி.எஃப்., நோய் வந்தால் கைகொடுக்கும் இ.எஸ்.ஐ. போன்றவையும் சேரும். கிராமத்தில் வேலை இல்லாத நாளில் வேலை தரும் திட்டமும் இதுதான். வருமானம் நின்றுபோனாலும் ஒரு குடும்பம் பட்டினியில் விழாமல் பார்த்துக்கொள்வது இவற்றுக்குப் பொதுவான நோக்கம். வருமானம் ஏன் நிற்கும்? முதுமை, நோய், வேலையிழப்பு, பிரசவம் என்ற பழைய காரணங்களை மனத்தில் வைத்துத்தான் உலகம் முழுக்க இந்தத் திட்டங்களை அமைத்தார்கள். ஒரே இரவில் ஒரு தாலுகாவே எழுந்து வேறிடம் போகும் நிலைமை அந்தக் கணக்கில் இல்லை.

இப்போது அது அடிக்கடி நடக்கிறது. உள்நாட்டு இடப்பெயர்வைக் கண்காணிக்கும் ஜெனீவா மையத்தின் கணக்குப்படி, 2024இல் மட்டும் பேரிடர்களால் 4 கோடியே 58 லட்சம் இடப்பெயர்வுகள் நடந்தன. இது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, இடம்பெயர்ந்த தடவைகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் ஜூனில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை ஓடினால் இரண்டு முறை எண்ணப்படும். புயலுக்கு முன்னால் முகாமுக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பியவரும் இதில் உண்டு. ஆனால் அதே ஆண்டின் கடைசியில், பேரிடரால் வீட்டை விட்டு வந்து இன்னும் திரும்ப முடியாதவர்கள் என்று 98 லட்சம் பேர் கணக்கில் இருந்தார்கள். என் கவலை இவர்களைப் பற்றியது. முகாமை மூடிவிடுவார்கள், செய்தி மாறிவிடும், இவர்கள் மட்டும் திரும்பிப் போகாமல் இருப்பார்கள்.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த நாட்டின் எல்லையைத் தாண்டுவதில்லை. அடுத்த ஊர், அடுத்த மாவட்டம், மிஞ்சிப்போனால் தலைநகரின் ஓரத்தில் ஒரு குடிசைப் பகுதி. ஆகவே 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் இவர்களுக்குப் பொருந்தாது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் குறித்த வழிகாட்டு நெறிகளை ஐ.நா. 1998இல் வகுத்தது, பேரிடரால் இடம்பெயர்ந்தவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அதற்குச் சட்ட வலு இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் 2009இல் கம்பாலாவில் ஏற்ற ஒப்பந்தம், ஏற்றுக்கொண்ட நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிறது. அதில் காலநிலை மாற்றம் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஆசியாவில் அப்படி ஒன்று இல்லை. இங்கே பொறுப்பு அந்தந்த அரசின் தலையில்தான், அதாவது அந்த அரசு ஏற்கெனவே நடத்திவரும் நலத்திட்டங்களின் தலையில்தான்.

முகவரி என்னும் முடிச்சு

சொந்த ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு ஒவ்வொரு உதவியும் எங்கே அறுபடுகிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். வேலை அட்டை சொந்த ஊராட்சி கொடுத்தது. ஓய்வூதியம் சொந்த ஊர் வங்கிக் கிளைக்கோ தபால் நிலையத்துக்கோ வருகிறது. அங்கன்வாடியில் குழந்தையின் பெயர் பழைய ஊரில். வீடு இடிந்ததற்கான இழப்பீடு வேண்டுமானால் வீடு தன்னுடையது என்று காட்ட வேண்டும். பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கும், அல்லது பட்டாவே இருக்காது. வாடகைக்கு இருந்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது, அவருடைய சாமான்கள் எந்தப் பட்டியலிலும் வராது. குத்தகைக்கு உழுதவரின் பயிர் போனால், நிலத்தின் சொந்தக்காரர் பெயரில் நிவாரணம் போகும்.

இந்தியாவில் இந்த முடிச்சு கொஞ்சமாவது அவிழ்ந்தது ரேஷனில். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை என்ற ஏற்பாடு 2019இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022 ஜூனில் கடைசியாக அசாமும் சேர்ந்ததும் நாடு முழுக்க வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைதாரர் எந்த மாநிலத்துக் கடையிலும் கைரேகை வைத்துத் தன் பங்குத் தானியத்தை வாங்கலாம். குடும்பத்தில் பாதிப் பேர் ஊரில், பாதிப் பேர் வெளியூரில் இருந்தால் ஆளுக்கு ஏற்றபடி பிரித்தும் வாங்கலாம். நல்ல வேலை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் மாநில அரசு தன் கணக்கில் கூடுதலாகத் தருவது இந்த ஏற்பாட்டில் ஆளோடு வராது. தானியம் மட்டும்தான் கூட வருகிறது. ஓய்வூதியமோ வீட்டு உதவியோ வேலை உரிமையோ இதே அளவுக்கு ஆளோடு நடக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

பாகிஸ்தான், 2022

இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ள அதிகம் உள்ள இடம் பாகிஸ்தான். 2022இல் பருவமழை சிந்து, பலூசிஸ்தான் மாகாணங்களைப் புரட்டிப் போட்டது. 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். சுமார் 80 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிந்துவின் தாது மாவட்டத்தில் தண்ணீர் மாதக்கணக்கில் வடியவில்லை. மக்கள் கரைகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் கூடாரம் போட்டு இருந்தார்கள். உலகின் பசுங்குடில் வாயுக்களில் பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த நாட்டிடம் ஒரு கருவி தயாராக இருந்தது. பெனசீர் வருமான ஆதரவுத் திட்டம் 2008இல் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பெண்களின் கையில் குறிப்பிட்ட இடைவெளியில் பணம் தருவது அதன் வேலை. அதற்காக நாடு முழுக்க குடும்பங்களைக் கணக்கெடுத்து, வீட்டில் எத்தனை பேர், என்ன சொத்து, என்ன படிப்பு என்று கேட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வறுமை மதிப்பெண் போட்டு ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்ததும், பாதிக்கப்பட்டதாக அறிவித்த மாவட்டங்களின் பட்டியலை அந்தப் பதிவேட்டோடு பொருத்தி, மதிப்பெண் வரம்புக்குள் வந்த குடும்பத்துக்குத் தலா 25,000 பாகிஸ்தான் ரூபாய் அனுப்பினார்கள். 27 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 7,000 கோடி ரூபாய் சில மாதங்களில் போய்ச் சேர்ந்தது.

வெள்ளம் வந்த பிறகு யார் ஏழை என்று கணக்கெடுக்கப் போயிருந்தால் இது நடந்திருக்காது. 2010 வெள்ளத்தில் அந்த அனுபவம் பாகிஸ்தானுக்கே உண்டு. அப்போது வதன் அட்டை என்ற பெயரில் பண அட்டைகள் கொடுத்தார்கள். இரண்டு கோடிப் பேர் பாதிக்கப்பட்ட அந்தப் பேரிடரில் அட்டை வாங்க நீண்ட வரிசைகள். பட்டியலில் யார் பெயர் ஏன் இல்லை என்ற சண்டை ஓயவில்லை.

பதிவேடு இருந்தும் 2022இல் விடுபட்டவர்கள் உண்டு. தேசிய அடையாள அட்டை இல்லாத பெண்கள் முதல் வரிசையில் வருவார்கள். அட்டை வெள்ளத்தில் போனவர்கள், விவசாயக் கூலி வேலையில் விரல் ரேகை தேய்ந்து இயந்திரம் அடையாளம் காணாதவர்கள், பணம் தரும் முகவர் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டதால் முழுத்தொகை கைக்கு வராதவர்கள் என்று பலர். இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கணக்கெடுத்த நாளில் கொஞ்சம் வசதியாக, வரம்புக்கு ஒரு படி மேலே இருந்தவர்கள். ஒரு எருமை, ஒரு சிறு கடை, களஞ்சியத்தில் கோதுமை. வெள்ளம் இதையெல்லாம் ஒரே வாரத்தில் கொண்டுபோனது. பதிவேட்டில் மட்டும் எருமை இன்னும் உயிரோடு இருந்தது. வெள்ளத்தால் 84 முதல் 91 லட்சம் பேர் புதிதாக வறுமைக் கோட்டுக்குக் கீழே தள்ளப்படலாம் என்று அரசும் உலக வங்கியும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து போட்ட மதிப்பீடு சொன்னது. புதிதாக ஏழையானவரைப் பழைய பதிவேட்டுக்குத் தெரியாது. ஆகவே பேரிடர்க் காலத்தில் வரம்பைத் தளர்த்துவதும், பாதித்த பகுதியில் கேட்பவரையெல்லாம் முதலில் சேர்த்துக்கொண்டு பிறகு சரிபார்ப்பதும்தான் நியாயம் என்று நினைக்கிறேன். தவறான ஆளுக்கு ஒரு தவணை போய்விடுமோ என்ற பயத்தில் சரியான ஆளைப் பட்டினி போடுவது மோசமான கணக்கு.

தொகையையும் பாருங்கள். 25,000 ரூபாய் என்பது அப்போது அங்கே ஒரு மாதக் குறைந்தபட்சக் கூலி. தண்ணீர் நின்றதோ மாதக்கணக்கில். ஒரு முறை கொடுத்து முடித்தால் அது நிவாரணம். ஊர் திரும்பி விதைத்து அறுக்கும் வரை தொடர்ந்து கொடுத்தால்தான் சமூகப் பாதுகாப்பு என்று சொல்ல முடியும்.

அப்புறம் வீடு. சிந்துவில் 21 லட்சம் வீடுகளைத் திரும்பக் கட்டும் திட்டத்தை மாகாண அரசு தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 3 லட்சம் ரூபாய், கட்டக் கட்டத் தவணையாக. கிராமத்து ஏழைகளில் பெரும்பகுதியினர் நிலப்பிரபுவின் நிலத்திலோ புறம்போக்கிலோ பல தலைமுறையாக இருந்தவர்கள். கையில் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத நிலத்தில் வீடு கட்டினால் நாளைக்கு யாரும் எழுப்பி அனுப்பலாம். அதனால் வீட்டு மனைக்கு உரிமைப் பத்திரமும் தருவது, அதையும் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் தருவது என்று முடிவெடுத்தார்கள். பேரிடருக்கு முன் இல்லாத ஒரு பாதுகாப்பு, பேரிடருக்குப் பின் வந்த திட்டத்தால் கிடைக்கிறது. இந்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தண்ணீர் வருவதற்கு முன்பே

வெள்ளம் எப்போது வரும் என்பதை இப்போது சில நாட்கள் முன்னதாகச் சொல்ல முடிகிறது. அப்படியானால் பணமும் முன்னதாகப் போகலாமே? 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆற்றின் நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தவுடன் ஐ.நா.வின் அவசர நிதி விடுவிக்கப்பட்டது. உலக உணவுத் திட்டம், கரையோரக் குடும்பங்கள் சுமார் 23,000க்குத் தலா 4,500 டாக்கா (அந்த நாட்டுப் பணம்) மொபைல் வழியாக அனுப்பியது. வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே பணம் கையில் இருந்தது. சாப்பாடு வாங்கி வைத்தார்கள், மாடுகளை மேட்டுக்கு ஓட்டினார்கள். பணம் பெற்ற குடும்பங்கள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பது, பெறாத குடும்பங்களைவிடக் கணிசமாகக் குறைந்தது என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. மாட்டை அவசரத்தில் பாதி விலைக்கு விற்காமல் தப்பிய குடும்பம் திரும்பி வந்து வாழும். விற்றுவிட்டால் தலைநகர் டாக்காவுக்குப் பஸ் ஏறும்.

கென்யாவின் வடக்கில் வறட்சிக்கு இதே முறை. துர்கானா, மண்டேரா, மார்சபிட், வஜீர் ஆகிய நான்கு மாவட்டங்களில் தொடங்கிய திட்டத்தில், மிக ஏழ்மையான சுமார் ஒரு லட்சம் குடும்பங்களுக்குத் தொடர்ந்து பணம் போனது. மற்றக் குடும்பங்களையும் முன்கூட்டியே பதிவு செய்து வங்கிக் கணக்கு திறந்து வைத்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் மேய்ச்சல் நிலத்தின் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், கூடுதல் குடும்பங்களுக்கும் பணம் போகும். கால்நடையோடு நகர்ந்துகொண்டே இருக்கும் மக்கள் அவர்கள். உதவி ஓர் இடத்தில் நிற்காமல் கணக்கோடு வருவது அவர்களுக்குப் பொருத்தம்.

பிஜித் தீவுகளில் 2016இல் வின்ஸ்டன் புயலுக்குப் பிறகு அரசு இன்னும் எளிமையாகச் செய்தது. ஏற்கெனவே வறுமை உதவி வாங்கிய குடும்பங்களுக்கு 600 பிஜி டாலர், முதியோருக்கு 300 என்று வழக்கமான தொகையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டது. வேகம் கிடைத்தது. பழைய பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வழியில் ஒன்றும் இல்லை.

மெதுவாக வரும் கடல்

இதுவரை சொன்னவை எல்லாம் திடீரென்று வந்து போகும் பேரிடர்கள். கடலரிப்பு அப்படி இல்லை. வருடத்துக்கு இவ்வளவு அடி என்று உள்ளே வரும், எந்த நாளில் பேரிடர் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் சதபாயா என்ற கடலோரக் கிராமத் தொகுப்பு இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கிராமங்களைக் கடல் எடுத்துக்கொண்டது. கிணற்று நீர் உப்பானது, வயல் மணலுக்குள் போனது. பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு 571 குடும்பங்களைக் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பாகபாட்டியா என்ற இடத்துக்கு மாநில அரசு மாற்றியது. மனை கொடுத்தது, வீடு கட்ட உதவியது. பஞ்சுபராஹி அம்மன் சிலைகளும் 2018இல் புது ஊருக்கு வந்தன. இந்தியாவில் ஒரு மாநில அரசு கடலரிப்புக்காகத் திட்டமிட்டு ஒரு ஊரையே குடிமாற்றியதற்கு முன்னோடியாக இதைச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் நியாயம் உண்டு.

பாகபாட்டியாவில் சாலை வந்தது, மின்சாரம் வந்தது, பள்ளி பக்கத்தில் வந்தது. உழுவதற்கு நிலம் வரவில்லை. கடல் தூரமானதால் மீன்பிடிப்பும் சுருங்கியது. ஆண்கள் கேரளத்துக்கும் மற்ற இடங்களுக்கும் கூலி வேலைக்குக் கிளம்பினார்கள். ஒரு முறை கடல் துரத்தியது, மறுமுறை வேலையின்மை துரத்தியது. இரண்டாவது பயணத்தை எந்தக் காலநிலைக் கணக்கும் எண்ணுவதில்லை.

சென்னையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. நகரத்தின் நடுவில் நாலு வீட்டு வேலை பார்த்த பெண்ணுக்குப் பஸ் செலவு சம்பளத்தைத் தின்றது. பிள்ளைகளின் பள்ளி பாதி வருடத்தில் மாறியது. வீடு என்பது சமூகப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். புது இடத்தில் வருமானம் நிலைக்கும் வரை மாதத் தொகை, பயணச் சலுகை, தொழில் தொடங்கப் பணம், பக்கத்திலேயே அங்கன்வாடி, இவையும் வீட்டுச் சாவியோடு அதே நாளில் கொடுக்கப்பட வேண்டியவை.

கடலரிப்புக்கு இன்னொரு தடை உண்டு, அது காகிதத்தில் இருக்கிறது. 2022–26 காலத்துக்கான விதிகளில், மத்திய அரசின் பேரிடர் நிவாரண நிதிக்குத் தகுதியானவை என்று புயல், வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு உட்பட 12 பேரிடர்கள் பட்டியலில் இருந்தன. கடலரிப்பும் ஆற்றரிப்பும் அதில் இல்லை. புயலில் ஒரே இரவில் வீடு முழுதாக இடிந்தால், சமவெளியில் 1,20,000 ரூபாய் என்று அந்த விதி சொன்னது. அதே வீட்டைக் கடல் பத்து வருடமாக அரித்துத் தின்றால் அந்த விதி பேசாது. பதினைந்தாவது நிதிக்குழு இதைக் கவனித்து, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களை மறுகுடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் அரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. பிரம்மபுத்திராவின் மஜூலி தீவிலிருந்து தமிழ்நாட்டுக் கடலோரக் குப்பங்கள் வரை இது தொடுகிற விஷயம். மீனவர் சங்கங்களும் ஊராட்சிகளும் இந்தத் தலைப்பைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது.

யார் கொடுப்பது?

காலநிலையால் மிக அதிகமாகப் பாதிக்கப்படக்கூடிய 20 நாடுகளில், ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டமாவது உள்ளவர்கள் 8.7 சதவீதம் பேர்தான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் சொன்னது. உலகச் சராசரி 52 சதவீதத்துக்கு மேல். அதிக ஆபத்து எங்கேயோ அங்கே வலை மிகவும் ஓட்டை. அந்த நாடுகள் சோம்பலால் இப்படி இல்லை, பணம் இல்லை.

பாகிஸ்தானின் 2022 வெள்ளம் வடிவதற்குள்ளேயே எகிப்தில் காலநிலை மாநாடு நடந்தது. வளரும் நாடுகளின் கூட்டமைப்புக்கு அப்போது பாகிஸ்தான் தலைமை வகித்தது. அந்த நாடுகளின் அழுத்தத்தில்தான் காலநிலையால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு உதவ, இழப்பு மற்றும் சேத நிதி என்ற தனி நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டு துபாயில் அதற்குப் பணக்கார நாடுகள் தருவதாக வாக்குறுதி அளித்த தொகை சுமார் 70 கோடி டாலர். பாகிஸ்தானின் அந்த ஒரு வெள்ளத்துக்குப் பின் மறுகட்டமைப்புக்கு மட்டும் தேவை என்று மதிப்பிட்டது 1,630 கோடி டாலர்.

அந்த நிதி வளர வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. வருகிற பணம் எந்த வழியாகப் போகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஒவ்வொரு பேரிடருக்கும் தனித் திட்டம், தனி ஆலோசகர், தனிக் கணக்கெடுப்பு என்று போனால் மாதங்கள் கரையும். பாகிஸ்தானின் பதிவேடு, கென்யாவின் வங்கிக் கணக்குகள், நம் ரேஷன் கடை போன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வழிகளை அமைதியான வருடங்களிலேயே பலப்படுத்த அந்தப் பணத்தில் ஒரு பங்கு போக வேண்டும். விடுபட்ட பெண்ணுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பது, வாடகைதாரரையும் குத்தகைதாரரையும் பதிவேட்டில் சேர்ப்பது, ஒரு மாவட்டத்தில் பதிந்த ஓய்வூதியத்தை அடுத்த மாவட்டத்திலும் வாங்க வைப்பது போன்ற வேலைகளைத் தண்ணீர் ஏறியபின் தொடங்க முடியாது.